மண்ணின் நிறத்தில் ஓர் அறை

‘வண்ணம்’ என்னும் சொல்லை வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் அதன் பல பொருள்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டுவது எம் வழக்கம். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்கள் ஓசையைச் சார்ந்தவை. உலக வழக்கில் வண்ணம் என்பது நிறம். இயல்பு, அழகு, வகை என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வந்த யாம், ஒரு சுவரின் வண்ணம் அதனுள் வாழ்பவரின் மன வண்ணத்தையும் மாற்ற வல்லது என்பதை 2022ஆம் ஆண்டில், எம் இல்லத்து அறை ஒன்றில்தான் கற்றுக்கொண்டோம். அக்கல்வியின் நடுவே ஒரு பிழையும் செய்தோம். அப்பிழையையும் மறையாது இம்மலரில் எழுதுவது, இளையோர்க்கு ஒருவேளை பயன்படலாம் என்னும் எண்ணத்தினாலேயே.

எம் இல்லம் மேலப்பாளையத்தில், ஒருவர் வர ஒருவர் ஒதுங்கி நிற்கும் குறுந்தெரு ஒன்றில் உள்ளது. எம் பாட்டனார் 1952ஆம் ஆண்டில் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர்கள். கூடத்தை ஒட்டிய உள்ளறையே பெற்றோரின் படுக்கையறை. நீளம் 12 அடி. அகலம் 10 அடி. வடக்கே ஒரே ஒரு சன்னல். ஒரு காலத்தில் அச்சன்னல் வழியே வானம் தெரியும். 2003ஆம் ஆண்டில் பக்கத்து மனையில் மாடி வீடு எழுந்த பின்னர் வானம் இருந்த இடத்தில் சிமெண்டுச் சுவர் தெரிந்தது. 2008ஆம் ஆண்டில் எம் திருமணத்தை ஒட்டி வீடு முழுவதும் பெயிண்ட் பூசினோம். உள்ளறைக்குச் சாம்பல் கலந்த நீல நிறத்தைத் தேர்ந்தவர்களும் யாமே. அன்று அது நாகரிகம் என்று தோன்றியது. நான்கைந்து மழைக்காலங்களுக்குள் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளித்து, உப்புப் பூத்து உதிரத் தொடங்கியது. பகலிலும் குழல் விளக்கு இன்றி அவ்வறையில் எழுத்துக் கூட்ட இயலாது.

அந்த அறையில்தான் வாப்பா அவர்கள் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பின் கட்டிலில் அமர்ந்து, கிழக்குச் சுவரில் தலை சாய்த்து நாளிதழ் படிப்பார்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்காத நாள் அவர்களுக்கு இல்லை. தலை சாய்ந்த இடத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. “செவத்தப் பாருங்க, செக்கு மாதிரி இருக்கு” என்று எம் அன்னையார் கடிந்துகொள்வதும், வாப்பா சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவதும் அன்றாட நிகழ்ச்சி.

2022ஆம் ஆண்டு மார்ச்சில் வாப்பா வபாத்தானார்கள். உம்மா இத்தா இருந்தார்கள். கணவனை இழந்தவர் 4 மாதமும் 10 நாளும் காத்திருத்தல் மார்க்கம் விதித்த கடமை. இருண்ட அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்பது விதியன்று. சில குடும்பங்களில் வேரூன்றிவிட்ட பழக்கமே. எம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எடுத்துச் சொன்னோம், மூத்தோர் வழியிலிருந்து உம்மா விலகவில்லை. அந்த நீலச் சாம்பல் அறையிலேயே நாள்களைக் கழித்தார்கள். ஜூலையில் இத்தா நிறைவுற்ற அன்று தம் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கூடத்திற்கு வந்தவர்கள், பின்னர் அவ்வறைக்குள் உறங்கச் செல்லவில்லை. காரணம் கேட்டோம். “நாலு மாசம் பத்து நாளு அந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இனி என்னால முடியாது மக்கா” என்றார்கள்.

72 வயது மூதாட்டி கூடத்துத் தரையில் படுத்து, இரவில் எழுந்து, வழி தட்டி விழுந்துவிட்டால் என் செய்வது என்னும் அச்சம் எமக்கு. தங்கையோடு கலந்து பேசினோம். அறையையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பெயிண்ட் கடையில், “இருட்டான அறை என்றால் வெள்ளையடியுங்கள், வெளிச்சம் வந்துவிடும்” என்றார் கடைக்காரர். அறிவுக்குப் பொருத்தமாகவே தோன்றியது. ஒரு சிறு டப்பா வாங்கி வந்து சுவரில் இரண்டு அடிச் சதுரத்திற்குப் பூசிப் பார்த்தோம். மறுநாள் காலையில் அது வெள்ளையாக இல்லை, சாம்பலாக இருந்தது. காரணம் எளிது. வடக்குச் சன்னல் வழியே நம் பக்கத்தில் பெரும்பாலும் வருவது நேர் வெயில் அன்று. வானத்திலிருந்து சிதறிவரும் குளிர்ந்த, நீலச் சாயல் கொண்ட ஒளி. அதுவும் சிமெண்டுச் சுவரில் பட்டு வருவது. வெள்ளை தன்மேல் விழுவதை அப்படியே திருப்பித் தரும். விழும் ஒளியே மங்கலாகவும் நீலமாகவும் இருந்தால் அது தருவதும் அதுவே. சிவப்பு, மஞ்சள் சாயல் கொண்ட நிறமோ அந்த மங்கிய ஒளியிலும் தன் வெம்மையைக் கண்ணுக்குக் காட்டும்.

கடையில் தந்த நிற அட்டையை உம்மாவிடம் நீட்டினோம். நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொன்றிற்கும் ஆங்கிலப் பெயர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு ஒரு கட்டத்தில் விரல் வைத்து, “இது கருப்பட்டி” என்றார்கள். இன்னொன்றைத் தொட்டு, “இது தேரி மண்ணு”. வேறொன்றைக் காட்டி, “இது காஞ்ச பனை ஓலை”. உம்மா பிறந்தது உடன்குடி. ஊரைச் சுற்றிப் பனங்காடு. அப்பால் செந்நிறத் தேரி. மணற்பருக்கைகளின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டியிருப்பதே தேரியின் செம்மைக்குக் காரணம். மணமாகி வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த மண்ணின் நிறங்கள் அவர்கள் நினைவில் மங்காமல் இருந்தன. எந்த நிறம் வேண்டும் என்று யாம் அதுவரை அவர்களிடம் ஒருமுறையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

வண்ணம் பூச வந்தவர் அறுபது வயதைக் கடந்த பெரியவர். உம்மா அவரை ‘அண்ணாச்சி’ என்று அழைத்தார்கள். அவர் முதலில் தூரிகையைத் தொடவில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். “இது சுண்ணாம்புச் செவரு. இது மூச்சு விடும். இதுமேல பிளாஸ்டிக்கைப் பூசி மூக்கை அடைச்சிட்டீங்க” என்றார். பின்னர் யாம் நூல்களில் படித்தறிந்த உண்மையும் அதுவே. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சாயின் அந்த ஈரம் காற்றில் ஆவியாகிவிடும். நெகிழிப் படலம் போர்த்திய சுவரிலோ ஈரம் உள்ளேயே தங்கி, கரைந்த உப்பைப் படலத்தின் அடியில் சேர்த்து, அப்படலத்தையே தள்ளிக் கொப்புளமாக்கும். எமது அறையின் நோய்க்கு வேர் இதுதான். மேலே எத்தனை முறை புதுப் பெயிண்ட் பூசினாலும் அது தீராது.

ஆகவே பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்பிலேயே மண் நிறம் கலந்து பூசுவதென முடிவாயிற்று. சுரண்டுவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் மில்லியனுக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று நடுவணரசு 2016ஆம் ஆண்டில் விதி வகுத்து, அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றிற்கு அந்தக் காப்பு இல்லை. எனவே சன்னல் கதவுகளை நீர் தெளித்து ஈரமாகவே தேய்த்தோம். பிள்ளைகளை அந்நாள்களில் அவ்வறையை அண்டவிடவில்லை.

சுண்ணாம்பின் கதை வியப்புக்குரியது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்போது கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. கல்லிலிருந்து புறப்பட்டுக் கல்லுக்கே திரும்பும் இப்பொருள் கடுமையான காரத்தன்மை உடையது. கண்ணில் தெறித்தால் கேடு. எல்லா நிறங்களும் அதன் காரத்தைத் தாங்கா. தாங்குவனவற்றுள் முதன்மையானவை மண் நிறங்கள்: செங்காவி, மஞ்சட்காவி போன்றவை. இரண்டும் இரும்பின் பிள்ளைகளே. மஞ்சட்காவியைச் சுட்டால் அதனுள் பிணைந்த நீர் நீங்கிச் செங்காவியாகிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் செம்மையும் மஞ்சளும் இன்றளவும் தெரிகின்றன என்றால், மண்ணின் உறுதிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. பணி நடந்துகொண்டிருந்தபோது எட்டிப்பார்த்த உறவினர் ஒருவர், “நம்ம வீட்டுல காவியா?” என்று முகம் சுளித்தார். வேடிக்கையாகச் சொன்னாரா, வருந்திச் சொன்னாரா என்பது விளங்கவில்லை. காவி என்பது ஒரு கல்லின் பெயர். திருமறையின் 35ஆம் அத்தியாயத்து 27ஆம் வசனம் மலைகளில் வெண்மையும் செம்மையும் கருமையுமாய் வரிகள் அமைந்திருப்பதை இறைவனின் அத்தாட்சியாக எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அந்த மலையை உடைத்து எடுத்த நிறத்தை எவரிடம் அனுமதி பெற்றுப் பூச வேண்டும்? நிறங்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை. இதை யாம் விரிவாகச் சொல்ல வாயெடுக்கும் முன்னரே, “இது உடன்குடி மண்ணு நெறம்” என்று உம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இனி எமது பிழைக்கு வருவோம். சுரண்டும் பணி தொடங்கிய நாளில் தூசி ஆகாது என்பதற்காக உம்மாவைத் தங்கையின் இல்லத்திற்கு அனுப்பியிருந்தோம். பெரியவர் கிழக்குச் சுவரில் இருந்த எண்ணெய்க் கறையைக் காட்டி, “இதுமேல சுண்ணாம்பு பிடிக்காது. எத்தனை பூசினாலும் எண்ணெய் வெளிய வரும். காரையை வெட்டி எடுத்துட்டுப் புதுசாப் பூசணும். செய்யட்டுமா?” என்று கேட்டார். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கல்லூரிக்குச் செல்லும் வழியெல்லாம் அன்றைய பாடத்தை எண்ணினோமே அன்றி, என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பதை எண்ணவில்லை. மாலையில் திரும்பியபோது அவ்விடத்தில் ஈரமான புதுக்காரை இருந்தது. அதைக் கண்ட பிறகே நெஞ்சு துணுக்குற்றது.

மூன்றாம் நாள் உம்மா வந்தார்கள். அறைக்குள் நுழைந்ததும் வேறெதையும் பார்க்கவில்லை. “வாப்பா சாஞ்சிருந்த எடம் எங்க?” என்றார்கள். காட்டினோம். புதுக்காரையின்மேல் கை வைத்துச் சற்று நேரம் நின்றார்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூடத்திற்குத் திரும்பி, தஸ்பீஹை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்கள். அன்று இரவு அவர்கள் உணவு கொள்ளவில்லை. கடிந்து பேசியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை செய்தியை அறிந்த பெரியவர் தாமாகவே கூடத்து வாயிலில் வந்து நின்றார். “அம்மா, எண்ணெய் எறங்குன துண்டைத் திரும்பச் சேர்க்க முடியாது, அது பிடிக்காது. ஆனா அதைச் சுத்தி வெட்டுன பழைய காரையை இடிச்சுச் சலிச்சுப் புதுச் சாந்துல கலந்துதான் பூசியிருக்கேன். பழைய காரை சேர்ந்தாத்தான் புதுசு பழைய செவத்தோட ஒட்டும்” என்றார். பழைய காரையைத் தூளாக்கிப் புதுச் சாந்தில் மணலோடு சேர்ப்பது சுண்ணாம்பு வேலையில் உள்ள வழக்கமே. அவர் ஆறுதலுக்காகப் புனைந்து சொன்னதன்று. உம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்து, “மண்ணுக்குப் போனவுக மண்ணுலதான் இருக்காக. செவத்துல இல்ல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்கள். கடைசி வாக்கியம் பெரியவர்க்குச் சொன்னதன்று, எமக்குச் சொன்னது. மன்னிப்புக் கேட்டோம். எழுத்தும் சொல்லும் பயிற்றுவிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு அன்று அதற்கு மேல் சொல் கிட்டவில்லை.

அதன் பின்னர் ஒவ்வொன்றையும் அவர்களைக் கேட்டே செய்தோம். தரையிலிருந்து 3 அடி உயரம் வரை கருப்பட்டியை ஒத்த ஆழ்ந்த செங்காவி. தூசியும் கைபடும் அழுக்கும் அங்கே தெரியா. அதற்கு மேல் காய்ந்த பனை ஓலையின் வெளிர் மஞ்சள். மச்சுக்குத் தூய சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்பை நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, காவியைத் தனியே நீரில் குழைத்துச் சேர்த்தார் பெரியவர். நிறம் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சினால் கையில் ஒட்டும் என்றார். சுவரை நனைத்து, பால் போன்ற மெல்லிய பூச்சாக, நாளுக்கு ஒன்றாக 4 முறை பூசினார். முதல் பூச்சைக் கண்டு, “இவ்வளவு இருட்டா இருக்கே!” என்று உம்மா கலங்கினார்கள். ஈரத்தில் கருத்துத் தோன்றும் சுண்ணாம்பு, காயும்போது வெளுக்கும். மறுநாள் அவர்களே வந்து பார்த்து, “தெளிஞ்சிருச்சு” என்றார்கள்.

சன்னலைப் பாதி மறைத்து நின்ற இரும்புப் பீரோவைக் கூடத்திற்கு மாற்றினோம். தரையில் ஒட்டியிருந்த பழைய ரெக்சின் விரிப்பை உரித்தபோது, பாட்டனார் காலத்துச் செவ்வண்ணத் தரை வெளிப்பட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் பளபளத்தது. குழல் விளக்கிற்கு மாற்றாக மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்கு, கடையில் 2,700 கெல்வின் என்று குறித்திருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். 6,500 என்றிருப்பது நீலச் சாயல் தருவது. தொழுவதற்குப் பத்தமடைக் கோரைப்பாய். தண்ணீருக்குக் காருகுறிச்சி மண் கூஜா. கிப்லாவை நோக்கிய மேற்குச் சுவரில் படமோ நாள்காட்டியோ மாட்டாமல் வெறுமையாக விட்டோம். எல்லாம் சேர்ந்து ஆன செலவு, அறைக்கொரு புதுக் கட்டில் வாங்கும் விலைக்கும் குறைவு.

பணி முடிந்த மாலையில் அவ்வறையில் நின்றபோது நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்த 188 அடிப் பாட்டில், போர்க்களம் சென்ற தலைவனைப் பிரிந்திருக்கும் அரசியின் உறைவிடத்தை நக்கீரர் காட்டுகிறார். அங்கே சுவர் செம்பால் இயன்றது போன்றிருக்கிறது. அதில் பூங்கொடி எழுதப்பட்டிருக்கிறது. பல முறை பாடம் நடத்திய பகுதிதான். செம்பின் நிறத்தை அரண்மனைச் செல்வத்தின் அடையாளம் என்றே அதுவரை சொல்லி வந்தோம். வாடைக்காலத்து இருளில், தனித்திருக்கும் ஒருத்தியைச் சூழ்ந்து நிற்கும் வெம்மையான சுவர் அது என்னும் எண்ணம் அன்றுதான் தோன்றியது. ‘செம்மை’ என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் சிவப்பு என்றும், நேர்மை, செவ்வை என்றும் பொருள் கொண்டதும் நினைவில் எழுந்தது.

அறை ஆயத்தமாகியும் உம்மா உடனே அங்கு உறங்கச் செல்லவில்லை. யாமும் வற்புறுத்தவில்லை. முதலில் லுஹர் தொழுகையை அங்கே தொழுதார்கள். சில நாள்களில் திருமறை ஓதுவதும் அங்கே என்றாயிற்று. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, ஓரிரவு இஷாவுக்குப் பின் கூடத்தில் பாய் விரித்திருக்கவில்லை. உள்ளறையில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தோம். கட்டிலில், கிழக்குச் சுவரில் தலை சாய்த்து உம்மா அமர்ந்திருந்தார்கள். யாம் பேசாமல் திரும்பிவிட்டோம்.

மாணவச் செல்வங்களே, வீட்டை அழகு செய்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வீண் விரயம் மார்க்கத்திற்கும் உவப்பானதன்று. சுவரின் இயல்பை முதலில் அறியுங்கள். ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் மண்ணில் கிடைக்கும் நிறத்தைத் தேடுங்கள். இவையனைத்திற்கும் முன்னதாக, அவ்வறையில் வாழப் போகின்றவரைக் கேளுங்கள். பெற்றோர்க்கு நன்மை செய்கிறோம் என்னும் நினைப்பிலேயே அவர்களைக் கேளாமல் செய்துவிடும் தவறு, நம்மில் படித்தவர்களுக்கே மிகுதியாக நேர்கிறது.

சுண்ணாம்புப் பூச்சை இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் நலம். 2024ஆம் ஆண்டில் அதே பெரியவரை அழைத்தோம். சுவர்களைச் சுற்றிப் பார்த்தவர் கிழக்குச் சுவரின் முன் நின்றார். உம்மா சாயும் இடத்தில் வெளிர் மஞ்சளின்மேல் மங்கலாக ஓர் எண்ணெய்க் கறை படியத் தொடங்கியிருந்தது. “இதை என்ன செய்ய?” என்று எம்மைக் கேட்டார்.

“உம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்” என்றோம்.